உப்பு தங்கிய ஆறு

பாலாற்றில் சரக்குப் படகு ஓடியதாக எங்கள் பக்கத்தில் யாரும் சொல்லமாட்டார்கள். நந்தி மலைப் பக்கம் பிறந்து, கர்நாடகத்தில் 93 கிலோமீட்டரும் ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரும் கடந்து, வாணியம்பாடிக்கு மேற்கே தமிழ்நாட்டில் நுழைகிற ஆறு இது. பிறகு 222 கிலோமீட்டர் ஓடி வாயலூர் அருகே கடலைத் தொடுகிறது. ஓடுகிறது என்று எழுதுவது பழக்கத்தினால். ஆண்டில் பாதிக்கு மேல் மணல்தான். இருந்தும் இந்த மணலாற்றின் இரு கரைகளிலும் வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், மேல்விஷாரம், ஆற்காடு, இராணிப்பேட்டை, வாலாஜாபேட்டை என்று ஒன்றையடுத்து ஒன்றாக வணிக ஊர்கள் எழுந்திருக்கின்றன. படகில்லாத ஆற்றங்கரையில் இத்தனை சந்தைகள் எப்படி வந்தன என்பது என்னைப் பல காலமாகத் தொந்தரவு செய்யும் கேள்வி.

ஆற்றங்கரை வணிக நகரம் என்றதும் வரலாறு படித்தவர்களுக்கு மேற்கு ஆப்பிரிக்காவின் திம்புக்து நினைவுக்கு வரும். நைஜர் ஆறு பாலைவனத்தை நோக்கி வளைந்து திரும்புகிற இடத்தில், ஆற்றிலிருந்து சற்றே விலகி இருக்கும் ஊர் அது. கபாரா அதன் படகுத்துறை. வடக்கே சகாராவின் சுரங்கங்களிலிருந்து ஒட்டகங்கள் உப்புப் பாளங்களைச் சுமந்து வரும். தெற்கேயிருந்து படகுகள் தானியமும் தங்கமும் கொண்டுவரும். இரண்டும் கைமாறுகிற இடம் திம்புக்து. 1352இல் அந்தப் பாதையில் போன இபன் பதூதா, தகாசா என்ற உப்புச் சுரங்க ஊரைப் பார்த்து எழுதியிருக்கிறார். அங்கே வீடுகளும் பள்ளிவாசலும் உப்புப் பாளங்களால் கட்டியவை, கூரைக்கு ஒட்டகத் தோல். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் அவர் நம் மாபார் கரையில் இறங்கி மதுரை சுல்தானின் விருந்தினராக இருந்தார். வேலூர்ப் பக்கம் அவர் வந்ததில்லை. ஆனால் உப்பும் தோலும் சேர்ந்து ஓர் ஊராக நிற்பதைக் கண்ட அந்த மனிதரின் குறிப்பைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆம்பூரும் வாணியம்பாடியும்தான் கண்முன் வருகின்றன. திம்புக்து உப்பை விற்று வாழ்ந்தது. எங்கள் ஊர்கள் தோலை விற்று வாழ்ந்தன, உப்பு இங்கேயே தங்கிவிட்டது.

பாலாறு வணிகத்துக்குக் கொடுத்தது ஒரு பாதையை. மைசூர்ப் பீடபூமியிலிருந்து சென்னைக் கரைக்கு இறங்க வேண்டுமென்றால், ஒரு பக்கம் ஜவ்வாது மலையும் மறுபக்கம் ஆந்திர எல்லைக் குன்றுகளும் நிற்க, நடுவில் பாலாற்றுப் பள்ளத்தாக்கு மட்டுமே சமமாகக் கிடக்கிறது. மாட்டுவண்டி அதில்தான் இறங்கியது. படைகளும் அதில்தான் ஏறின. இரயிலும் அதையே பிடித்துக்கொண்டு போனது. இன்று பெங்களூரு நெடுஞ்சாலையும் அதே தடம்தான். வண்டிக்காரன் இந்த வழியை விரும்பியதற்கு இன்னொரு காரணம் தண்ணீர். மேலே வறண்டு கிடந்தாலும் மணலைத் தோண்டினால் ஊற்று உண்டு. ஆற்று மணலுக்குள் நீளமாகக் கால் வெட்டி, கசிகிற நீரைப் பிடித்து வயலுக்குக் கொண்டுபோகும் ஊற்றுக்கால் முறை இங்கே தலைமுறை தலைமுறையாக இருந்தது. வாணியம்பாடிக்குப் பக்கத்தில் உதயேந்திரத்தில் கிடைத்த பல்லவர் செப்பேடு, இரண்டாம் நந்திவர்மன் தன் படைத்தலைவன் உதயசந்திரன் கேட்டுக்கொண்டபடி அந்தணர்களுக்கு ஓர் ஊரைத் தானம் செய்ததைச் சொல்கிறது. ஊரோடு சேர்த்து நீர் இறைக்கும் பொறிகள் இரண்டையும் கொடுத்திருக்கிறான். எட்டாம் நூற்றாண்டிலேயே இந்தக் கரையில் நிலத்தின் மதிப்பு அதற்கடியில் இருந்த தண்ணீரில்தான் இருந்தது.

இந்தப் பாதையை யார் கையில் வைத்திருப்பது என்பதற்காக நடந்த சண்டைகளில் ஒன்று ஆம்பூரில் நடந்தது. 1749 ஆகஸ்ட் 3ஆம் தேதி சந்தா சாகிபும் முசாபர் ஜங்கும் பிரெஞ்சுப் படையோடு சேர்ந்து வந்து ஆற்காட்டு நவாபு அன்வருத்தீன் கானை அங்கே கொன்றார்கள். திருச்சிக்குத் தப்பியோடிய அவர் மகன் முகமது அலி பின்னால் ஆங்கிலேயர் தயவில் நவாபாகி, வாலாஜா என்ற பட்டமும் பெற்றார். அந்தப் பட்டத்தைத் தாங்கி நிற்கிறது வாலாஜாபேட்டை. அந்தக் காலத்தில் வட ஆற்காட்டின் பெரிய மொத்தச் சந்தை அதுதான். மைசூரிலிருந்தும் கடப்பைப் பக்கமிருந்தும் வருகிற தானியம், பருத்தி, வெல்லம் எல்லாம் அங்கே இறங்கி, சென்னையிலிருந்து வரும் சரக்கோடு மாறிக்கொள்ளும். பட்டு நெசவும் சாயமும் கம்பளமும் அங்கே இருந்தன. 1866இல் நகராட்சியானது. அதற்குப் பத்தாண்டு முன்பு, 1856 ஜூலை 1ஆம் தேதி, இராயபுரத்திலிருந்து புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் இரயில் வந்து நின்ற இடம் வாலாஜா ரோடு. ஊரின் பெயர் நிலையத்துக்குக் கிடைத்தது. நிலையம் ஊருக்குக் கிடைக்கவில்லை, சில மைல் தள்ளி அமைந்தது. தண்டவாளம் மேற்கே நீண்டதும் வண்டிகள் வாலாஜாவில் நிற்க வேண்டிய தேவையே போய்விட்டது. சரக்கு மாறும் இடமாக இருப்பதில் உள்ள ஆபத்து இது. சரக்கு மாறவே வேண்டாமென்றால் ஊரும் வேண்டாம். திம்புக்துவையும் கடல்வழி வணிகம் இப்படித்தான் கடந்து போனது.

வாலாஜா இழந்தது மேற்கே இருந்த ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் வேறு வடிவத்தில். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஆகிய இடங்களின் முஸ்லிம் வணிகர்கள் சரக்கைக் கைமாற்றுவதோடு நிற்காமல், அதைப் பதப்படுத்தத் தொடங்கினார்கள். 1840களில் சார்லஸ் டி சூசா என்ற கலப்பினத்தவர் சென்னைப் பக்கம் திருத்தமான பதனிடும் முறையைக் கொண்டுவந்தார் என்று தோல் தொழிலின் வரலாறு தொடங்கும். அந்த முறை மாகாணம் முழுதும் பரவியது. இந்தப் பள்ளத்தாக்கில் அது வேர்பிடித்ததற்குத் தேவையானவை எல்லாம் ஏற்கெனவே இங்கே இருந்தன. மலையடிவாரம் முழுக்க ஆவாரஞ்செடி. அதன் பட்டை ஆட்டுத் தோலையும் மாட்டுத் தோலையும் மஞ்சள் பூத்த பழுப்பாக, கைக்கு இதமாக மாற்றும். கடுக்காய் ஜவ்வாது மலையில் கிடைத்தது. வாரச் சந்தைகளில் கால்நடை. இரயில் ஏற்றினால் சென்னை பெரியமேட்டில் தோல் மண்டி, அங்கிருந்து துறைமுகம், துறைமுகத்திலிருந்து இலண்டன். எல்லாவற்றுக்கும் அடியில் மணலுக்குள் இருந்த அந்தத் தண்ணீர். உப்பில்லாத, மெல்லிய தண்ணீர்.

1876 முதல் 78 வரை நீண்ட தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிப் பேசும்போது மனிதச் சாவையே பேசுகிறோம். அதுதான் முறையும். அதோடு இன்னொன்றும் நடந்தது. தீவனமின்றிக் கால்நடைகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. சென்னைத் துறைமுகத்திலிருந்து தோல் ஏற்றுமதி அந்த ஆண்டுகளில் ஏறியது. உழவனின் கடைசிச் சொத்து தோலாக உரிக்கப்பட்டுக் கப்பலேறியது. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் படைவீரர்களின் பூட்ஸ் மேல்பகுதிக்குச் சென்னையின் பதனிட்ட மாட்டுத் தோலை அரசே வாங்கிக் குவித்தது. எங்கோ ஒரு நாசம் வரும்போது இங்கே ஒரு செழிப்பு வருவது தோல் வணிகத்தின் வரலாற்றில் திரும்பத் திரும்ப வரும் செய்தி. அந்தச் செழிப்பை அனுபவித்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவரவில்லை. செழிப்பு எங்கிருந்து வந்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வணிகர்கள் ஈட்டியதை வைத்து என்ன செய்தார்கள் என்பதையும் அதே நேர்மையோடு சொல்ல வேண்டும். 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி தொடங்கியது. ஆம்பூரை அடுத்த உமராபாத்தில் 1924இல் ஜாமிஆ தாருஸ்ஸலாம் எழுந்தது, அதை நிறுவிய காகா முகமது உமர் தோல் வணிகர். மேல்விஷாரத்தில் இன்றும் ஒரு கல்லூரி சி. அப்துல் ஹக்கீமின் பெயரில் நடக்கிறது. வேலூரின் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்துக்கு இலங்கையிலிருந்தும் மலையாளக் கரையிலிருந்தும் மலேயாவிலிருந்தும் மாணவர்கள் வந்தார்கள். பதினாறாம் நூற்றாண்டில் திம்புக்துவைப் பார்த்த லியோ ஆப்பிரிக்கானஸ், அங்கே மற்றெந்தச் சரக்கையும்விடக் கையெழுத்துப் புத்தகங்களில் இலாபம் அதிகம் என்று குறித்துவைத்தார். அந்தப் புத்தகங்கள் தோல் உறைகளில் காக்கப்பட்டன. வாணியம்பாடியில் தோல் விற்ற பணம் புத்தகமாக மாறியது. உருது முஷாயிராவும் தமிழ்க் கவியரங்கமும் ஒரே ஊரில் நடந்தன. கவிக்கோ அப்துல் ரகுமான் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இஸ்லாமியாக் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்தார். தமிழ்ப் புதுக்கவிதையில் கஜலின் மூச்சு கலந்ததற்கு அந்த இருமொழி ஊரின் காற்றும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒரு பெருநகரமே செய்யத் தயங்குகிற அளவுக்குக் கல்விக்குச் செலவழித்த ஊர்கள் இவை. பிரியாணிக்காக மட்டும் ஆம்பூரை நினைக்கிறவர்கள் இதையும் நினைக்க வேண்டும்.

ஆனால் குழியில் இறங்கியவர்கள் அந்தக் கல்லூரிகளுக்குள் நுழைய நெடுங்காலமானது. சுண்ணாம்பு நீரிலிருந்து தோலை இழுத்துப் போட்டு, மயிர் நீக்கி, மரக்கட்டைமேல் விரித்து வளைந்த கத்தியால் சதை சீவியவர்கள் பெரும்பாலும் தலித்துகள். ஏழைத் தமிழ் முஸ்லிம்களும் இருந்தார்கள். சுண்ணாம்பு விரல் இடுக்குகளைத் தின்றுவிடும். நாற்றம் உடம்போடு வீட்டுக்கு வரும். தோலைத் தொடுகிறவன் என்று ஊர் ஏற்கெனவே ஒதுக்கிவைத்தவர்களையே வணிகம் கூலிக்கு எடுத்தது. அந்த ஒதுக்கலால் கூலி மலிந்தது என்பதும் உண்மை, நிலக்கிழாரின் களத்தைவிட டேனரிக் கூலி கையில் காசாகக் கிடைத்ததும் உண்மை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள் இந்த மண்ணின் எழுத்தாளர்கள்தான். பேரணாம்பட்டு அழகிய பெரியவனின் எழுத்தில் இந்த வாழ்க்கை உள்ளிருந்து பேசுகிறது. திண்டுக்கல் டேனரித் தொழிலாளர்களைப் பற்றிய டி. செல்வராஜின் ‘தோல்’ நாவல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றபோது, எங்கள் மாவட்டத்துக்கும் சேர்த்துக் கிடைத்ததாகவே நினைத்துக்கொண்டேன். இப்போது குழிகளைவிட ஷூ கம்பெனிகளில் ஆள் அதிகம். விடிந்ததும் ஆம்பூரைச் சுற்றியுள்ள சாலைகளில் கம்பெனி வேன்களுக்காகப் பெண்கள் நிற்பார்கள். கையில் டிபன் கேரியர், தலையில் மல்லி. ஐரோப்பியக் காலணிகளின் மேல்பகுதியைத் தைக்கப் போகிறார்கள். முன்பு அவர்களுடைய தாய்மார் கரும்பு வெட்டவும் நாற்று நடவும் போன அதே ஊர்கள். கரும்பும் நாற்றும் ஏன் குறைந்தன என்பதற்கு ஆற்றுக்குத் திரும்ப வேண்டும்.

உரித்த தோல் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும். அதைத் தடுக்க உப்பு. மண்டியில் நின்று பார்த்தால் தெரியும். தோலின் சதைப்பக்கம் மேலே வரும்படி விரிக்கிறார்கள், கைநிறையக் கல்லுப்பை வாரி ஓரம் வரை தேய்க்கிறார்கள், அதன்மேல் அடுத்த தோல், மறுபடி உப்பு. தோலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்கூட உப்பு போகும். அடுக்கின் அடியிலிருந்து இரத்தமும் உப்புநீரும் கலந்து கசிந்துகொண்டே இருக்கும். டேனரிக்கு வந்ததும் முதல் வேலை அந்த உப்பைக் கழுவுவது. ஊறப்போட்ட நீரை வடித்தால் தோல் சுத்தம், நீர் கடல். பிறகு சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் சேர்ந்த குழி. அதன்பின் அமிலத்தில் போடும்போது தோல் வீங்காமலிருக்க மறுபடியும் உப்பு. பெரியமேட்டில் வெகுகாலம் கணக்கெழுதிய ஒரு முதியவரிடம், இத்தனை வருஷத்தில் எவ்வளவு உப்பு வாங்கியிருப்பீர்கள் பாய் என்று கேட்டேன். “தோலுக்குக் கணக்கு இருக்கு, பட்டைக்குக் கணக்கு இருக்கு. உப்பு செலவுல போயிடும் சார், அதுக்குத் தனிப் பேரேடு வெக்கறதில்ல” என்றார்.

ஆவாரம்பட்டைக் காலத்திலும் உப்பு இருந்தது. ஆனால் அந்த முறை மெதுவானது. ஒரு தோல் வாரக்கணக்கில் குழிகளில் கிடக்கும், அதனால் ஒரு டேனரி முடிக்கும் தோலுக்கு ஓர் எல்லை இருந்தது. குரோம் முறையை ஆல்பிரட் சாட்டர்ட்டன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சென்னையில் காட்டினாலும், அது இங்கே ஓங்கியது பின்னால்தான். 1970களின் தொடக்கத்தில் சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஏற்று, பாதி பதனிட்ட தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதை இந்திய அரசு கட்டுப்படுத்தியது. முடித்த தோலாக, செருப்பாக, பையாக அனுப்பு, அந்நியச் செலாவணி கூடும் என்பது கணக்கு. தேசத்துக்கு அது இலாபமாகவே முடிந்தது. மரப் பீப்பாய் போன்ற பெரிய டிரம்கள் சுழலத் தொடங்கின. வாரங்கள் நாட்களாகச் சுருங்கின. தோல் நீலநிறத்தில் ஈரமாக வெளியே வந்தது. அதோடு ஐரோப்பாவும் ஜப்பானும் தங்கள் நாட்டில் வேண்டாமென்று ஒதுக்கிய அழுக்கு வேலைப் பகுதியும் பாலாற்றங்கரைக்கு வந்து சேர்ந்தது. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் என்று பிற்பாடு உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்பில் எழுதியது. அந்த 35 லிட்டரும் மணலிலிருந்து எடுக்கப்பட்டு, ஓடையில் விடப்பட்டு, மணலுக்கே திரும்பியது.

குரோமியம் என்ற சொல் பயமுறுத்துகிறது, செய்தியாகிறது. இராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் வளாகத்தில் இலட்சக்கணக்கான டன் கழிவு குவிந்து கிடப்பதும் பெரிய கொடுமைதான். ஆனால் பாலாற்றுக் கரையின் விவசாயத்தைக் கொன்றதில் முதல் பங்கு சாதாரண உப்புக்கு. குரோமியத்தை வேதிமுறையில் பிரித்துப் படியவைக்கலாம், திரும்பப் பயன்படுத்தலாம். கரைந்த உப்பு படியாது. வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம், இராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டியபோது நாற்றமும் நிறமும் குறைந்தன, உப்பு கடந்து போய்க்கொண்டே இருந்தது. பிறகு சவ்வூடு பரவல் முறையில் நீரை வடித்தெடுத்து மிச்சத்தை ஆவியாக்கினார்கள். ஆவியாக்கினால் உப்புக் குவியல் மிஞ்சுகிறது, அதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்ற கேள்வியும் மிஞ்சுகிறது. தோல் பதனிடும் அறிவியலுக்கென்றே 1948இல் சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கிய நாடு இது. உப்பில்லாமல் தோலைக் காக்கும் வழிகளையும் அங்கே ஆராய்ந்தார்கள். உப்பு மலிவாக இருக்கும்வரை மண்டிக்காரர் வேறொன்றைத் தேடப்போவதில்லை. ஏனென்றால் உப்பின் முழு விலையை அவர் கொடுப்பதில்லை, கீழ்க்கரை உழவர் கொடுக்கிறார்.

அந்த உழவர்களில் ஒருவர், ஆம்பூருக்குக் கிழக்கே, தன் கிணற்றைக் காட்டினார். தண்ணீர் இருக்கிறதா ஐயா என்று கேட்டதற்குச் சிரிக்காமல் பதில் சொன்னார். “யாரு இல்லன்னது? முப்பதடியில கெடக்குது. மாடு வாய வெக்காது தம்பி.” கிணற்றுச் சுவரில் நீர் ஏறி இறங்கிய இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் படிவு. வரப்பிலும் அப்படியே. நெல் நட்டால் இலை நுனி காய்ந்து சுருளும் என்றார். தென்னை மட்டும் தாக்குப்பிடித்திருந்தது, காய்கள் கை அளவுக்குச் சிறுத்து. வறண்ட கிணற்றை மழை நிரப்பும் என்று காத்திருக்கலாம். உப்பேறிய கிணறு நிரம்பித்தான் இருக்கிறது, எதற்கென்று காத்திருப்பது?

1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. எம்.சி. மேத்தா வாதாடினார். 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தந்த தீர்ப்பு இன்று உலகம் முழுதும் சூழல் சட்டம் படிப்பவர்களுக்குப் பாடம். கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும், கேடு வருமென்று அஞ்சினாலே முன்கூட்டித் தடுக்க வேண்டும் என்ற இரு கோட்பாடுகளும் இந்த நாட்டின் சட்டம் என்று அந்தத் தீர்ப்பு அறிவித்தது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையத்தை மேற்கோள் காட்டி, தோல் தொழில் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பாழாகிவிட்டது என்று பதிவு செய்தது. ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு அமைக்கச் சொன்னது. நட்ட ஈட்டைக் கணக்கிட ஓர் ஆணையமும் அமைந்தது. 2001இல் அந்த ஆணையம் 29,000க்கும் மேற்பட்டவர்களுக்கு 26 கோடி ரூபாய்க்கு மேல் தரவேண்டும் என்று முடிவு செய்தது. வகுத்துப் பார்த்தால் தலைக்குச் சுமார் 9,000 ரூபாய். ஒரு கிணற்றை ஆழப்படுத்தக்கூட அது போதாது. உலகப் புகழ்பெற்ற தீர்ப்பு பிறந்த மண்ணில் உழவருக்குக் கிடைத்தது அது.

தீர்ப்புக்குப் பிறகும் விபத்துகள் நின்றுவிடவில்லை. 2015 ஜனவரி 31 அதிகாலை இராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடு தேக்கியிருந்த தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்து டேனரியில் உறங்கிக்கொண்டிருந்தவர்களை மூழ்கடித்தது. 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். ஆற்றைக் காப்பாற்றுவதற்காகக் கட்டிய இடத்தில், இந்த ஆற்றோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள், தூக்கத்தில் செத்தார்கள். அவர்கள் பெயரை எங்கள் மாவட்டத்தில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்?

அரசியல் மேடைகளில் பாலாறு என்றால் ஆந்திரத் தடுப்பணைதான். 2016இல் புல்லூர் தடுப்பணையின் உயரத்தைக் கூட்டியபோது எழுந்த கோபத்தில் நியாயம் உண்டு. 1892ஆம் ஆண்டு ஒப்பந்தத்தைக் காட்டி வாதாடவும் வேண்டும். மேலே பேத்தமங்கலத்திலும் ராமசாகரத்திலும் ஏரிகள் நிரம்பிய பிறகுதான் நமக்கு மிச்சம் வரும் என்பதும் தெரிந்ததுதான். மணல் அள்ளி அள்ளி ஊற்றைத் தாங்கும் அடுக்கையே அழித்ததை மட்டும் அதே மேடையில் யாரும் பேசுவதில்லை. உப்பைப் பற்றியும் பேச்சில்லை. தண்ணீரைத் தடுப்பவர் அண்டை மாநிலத்தவர், கெடுப்பவர் நாம். முதலாவதைப் பேசுவது எளிது. ஆறோ தன்னை மறக்கவிடுவதில்லை. 1903 நவம்பர் 12ஆம் தேதி வெள்ளம் வாணியம்பாடியை அடித்துக்கொண்டு போனதற்கு ஊரில் நினைவுத் தூண் நிற்கிறது. 2021 நவம்பரில் மறுபடி இரு கரையும் தொட்டு ஓடியது. பாலங்களில் நின்று பார்த்தவர்களில் பல இளைஞர்களுக்கு அதுதான் ஆற்றில் ஆற்றைப் பார்த்த முதல் நாள். அந்த வெள்ளம் மேலாக இருந்த உப்பைக் கொஞ்சம் கழுவியிருக்கும். அடியில் இறங்கியது அத்தனை சீக்கிரம் போகாது.

மேற்கு ஆப்பிரிக்காவை இங்கே மறுபடி கொண்டுவர ஒரு காரணம் இருக்கிறது. ஐரோப்பாவில் புத்தகக் கட்டுக்குப் பேர்போன மொராக்கோ தோலில் நல்ல பங்கு, கானோ, சொகோட்டோ பக்கத்து ஹௌசா மக்கள் பதனிட்ட சிவப்பு ஆட்டின் தோல். சகாராவைத் தாண்டி மொராக்கோத் துறைமுகம் வழியாக வந்ததால் அந்தப் பெயர். அவர்கள் பதனிடுவதற்குப் பயன்படுத்தியது கருவேலங்காயை, நம் கரைகளில் நிற்கும் அதே கருவேலம். சென்னையிலிருந்து கப்பலேறிய கட்டம்போட்ட பருத்தித் துணியை நைஜர் கழிமுகத்தின் கலபாரி மக்கள் தங்கள் வீட்டுச் சடங்குகளில் தலைமுறைகளாகப் போற்றி வைத்திருக்கிறார்கள். நாம் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே சந்தையின் இரு முனைகளாக இருந்திருக்கிறோம். இன்று கானோவின் சல்லாவாத் தொழிற்பேட்டையில் குரோம் டேனரிகள் இருக்கின்றன, அவற்றின் கழிவு சல்லாவா ஆற்றில் கலக்கிறது, அங்கேயும் கீழ்க்கரையில் காய்கறி பயிரிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இலண்டனுக்கும் மிலானுக்கும் எங்கள் வணிகர்கள் கண்காட்சிக்குப் போகிறார்கள். கானோவின் உழவரும் ஆம்பூரின் உழவரும் சந்தித்துக்கொள்ள ஒரு வழி வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

2025 ஜனவரி 30ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இந்த வழக்கைத் திரும்பவும் எடுத்துப் பேசியது. நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, பாதிக்கப்பட்டவர்களுக்கு மாநில அரசே ஈடு கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்கட்டும் என்றது. பாலாற்றைக் கண்காணிக்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் உத்தரவிட்டது. 1991இல் மனு கொடுத்தபோது பிறந்த குழந்தைக்கு இப்போது முப்பது வயது தாண்டிவிட்டது. குழு கூடும், அறிக்கை வரும், அதையெல்லாம் நாம் விடாமல் கவனிக்க வேண்டும்.

அதற்கிடையில் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. ஈட்டை முடிவு செய்ய அந்த ஆணையம் ஊர் ஊராகப் போய், எந்தக் கிராமத்தில் யாருடைய நிலம் கெட்டது என்று எழுதியெடுத்த பட்டியல் கோப்புகளில் இருக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் வணிக வரலாற்றை எழுத வருகிற எந்த ஆய்வாளரும் ஏற்றுமதிப் புள்ளிவிவரத்துக்கு முன்னால் அந்தப் பட்டியலைத் திறக்க வேண்டும். எங்கள் கல்லூரிகளின் தமிழ்த் துறையும் வரலாற்றுத் துறையும் சேர்ந்து அதைக் கிராமவாரியாக, சர்வே எண்ணோடு, கிணற்றின் இன்றைய நீர் நிலையோடு, தமிழில் அச்சிடலாம். அச்சுச் செலவைத் தோல் வணிகர்களிடமே கேட்கலாம். நூறாண்டுக்கு முன் கல்லூரி கட்டப் பணம் கேட்டபோது அவர்களுடைய தாத்தாக்கள் இல்லையென்று சொன்னதில்லை.